பழைய படத்தின் அட்டையை வெட்டாதீர்கள்: நூறு வருடப் படங்களைப் பார்க்கும்போது நாம் செய்யும் தவறுகள்

பழைய வீடுகளின் முகப்பில் ஒரு சரஸ்வதியோ லட்சுமியோ தொங்கும். விசாரித்தால் “ரவிவர்மா வரைந்தது” என்பார்கள். பல நேரம் அது ரவிவர்மா அச்சகத்தில் அச்சான படமாக இருக்கும். அவரே வரைந்ததா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

1894-இல் மும்பை காட்கோபரில் ரவிவர்மா தொடங்கிய கல்லச்சுக் கூடம் (கல்லில் வரைந்து காகிதத்தில் அச்செடுக்கும் இடம்) பிற்பாடு லோனாவாலா பக்கத்தில் மளவ்லிக்குப் போனது. ஜெர்மன் அச்சுத் தொழில்நுட்பரான ஃபிரிட்ஸ் ஷ்லைசர் அதை விலைக்கு வாங்கினார். 1906-இல் ரவிவர்மா காலமானார். அச்சகம் நிற்கவில்லை, அதே பெயரில் படங்கள் வந்துகொண்டே இருந்தன. மற்ற ஓவியர்களும் அதற்கு வரைந்து கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் எம்.வி. துரந்தர். கோலாப்பூரில் பிறந்து, மும்பை ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகிப் பின்னாளில் அதன் தலைமைப் பொறுப்பு வரை வந்தவர். அன்றைய மும்பைத் தெருக்களையும் ஆட்களையும் அஞ்சலட்டைகளில் அவ்வளவு உயிரோடு வரைந்தவரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆகவே படத்தின் அடியில் இருக்கும் அச்சகப் பெயரோடு நின்றுவிடாதீர்கள். மூலைகளை லென்ஸ் வைத்துப் பாருங்கள். அங்கே ஓவியரின் கையெழுத்து இருக்கலாம்.

ரவிவர்மாவே வரைந்தது என்று உறுதியாகத் தெரிந்த ஓவியங்களிலும் இன்னொரு கை உண்டு. தம்பி ராஜராஜவர்மா அண்ணனோடு ஊர் ஊராகப் போய் கூடவே வரைந்தார். பயணங்களை நாட்குறிப்பாகவும் எழுதினார். நிலக்காட்சிகளில் தேர்ந்த கை அவருடையது. 1905-இல், அண்ணனுக்கு முன்பே போய்விட்டார். அவர்களுடைய தங்கை மங்களாபாயும் ஓவியர்தான். ஆனால் அவரைப் பற்றிப் பேச வந்தால் “ரவிவர்மாவின் தங்கை” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கல்கத்தாவின் சுனயனி தேவிக்கும் இதே கதிதான். அவனீந்திரநாத், ககனேந்திரநாத் தாகூர்களின் சகோதரி என்று அறிமுகம் செய்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். குடும்பத்தைக் கவனித்துக்கொண்டு, முப்பது வயதுவாக்கில் தானாகவே வரையக் கற்றவர் அவர். 1922-இல் கல்கத்தாவில் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப் பள்ளிக் கலைஞர்களின் படங்கள் வைக்கப்பட்ட கண்காட்சியில் இவருடைய ஓவியங்களும் இருந்தன. உறவைச் சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் முதல் வாக்கியம் அவர் என்ன வரைந்தார் என்பதாக இருக்கட்டும்.

சரி, புகைப்படத்துக்கு வருவோம். படம் ஒட்டிய அட்டையில் ‘போர்ன் அண்ட் ஷெப்பர்ட்’ என்று ஸ்டுடியோ பெயர் இருந்தால் சாமுவேல் போர்ன் எடுத்தது என்று எழுதிவிடுகிறார்கள். அவர் 1870-லேயே இந்தியாவை விட்டுப் போய்விட்டார். ஸ்டுடியோ அவர் பெயரைச் சுமந்துகொண்டு கல்கத்தாவில் 2016 வரை இருந்தது. 1911 டெல்லி தர்பாரை எடுத்ததும் அந்த நிறுவனம்தான், போர்ன் அல்ல. புகைப்படக்காரர் தீன் தயாள் விஷயமும் இப்படித்தான். அவர் 1905-இல் இறந்த பிறகும் குடும்பத்தினர் ஸ்டுடியோவை நடத்தினார்கள். ஸ்டுடியோ பெயர் என்பது கடைப் பலகை மாதிரி. உள்ளே கேமரா பிடித்தவர், நெகட்டிவில் பென்சிலால் டச்சப் செய்தவர், வண்ணம் பூசியவர் எல்லாரும் அந்தப் பலகைக்குப் பின்னால் மறைந்துபோனவர்கள்.

கடைப் பலகைதான் என்றாலும் அதைத் தூக்கி எறியக் கூடாது. இதை நான் நொந்துதான் கற்றுக்கொண்டேன். எங்கள் கொள்ளுப்பாட்டியின் படம் ஒன்று, தடித்த அட்டையில் ஒட்டியது. கண்ணாடி உடைந்திருந்ததால் புது ஃப்ரேம் போடக் கொடுத்தோம். அளவுக்குச் சரியாக வரவில்லை என்று அட்டையைச் சுற்றிலும் வெட்டி, பின்பக்கம் புதுத் தாள் ஒட்டித் தந்தார்கள். கீழே புடைப்பெழுத்தில் இருந்த ஸ்டுடியோ பெயரும் ஊரும் போயின. பின்னால் யாரோ மையில் எழுதியிருந்த இரண்டு வரியும் போயிற்று. அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை. ஃப்ரேமுக்குக் கொடுக்கும் முன் முன்பக்கம், பின்பக்கம், நான்கு ஓரங்கள் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அட்டைக்கு ஏற்ற மாதிரி ஃப்ரேம் செய்யச் சொல்லுங்கள். முகத்தில் கறை இருக்கிறதே என்று ஈரத்துணியால் துடைப்பது, லேமினேஷன் செய்வது இரண்டுமே வேண்டாம். செய்தால் திரும்ப மீட்க முடியாது.

அடுத்தது நிறம். அந்தக் கால கண்ணாடித் தகடுகளில் பெரும்பாலானவை நீல ஒளிக்கு நன்றாகப் பதியும், சிவப்பைக் கிட்டத்தட்ட பார்க்கவே பார்க்காது. எல்லா நிறத்தையும் ஓரளவு சரியாக வாங்கும் தகடுகள் 1906-வாக்கில்தான் கடைக்கு வந்தன. அப்புறமும் பல காலம் பழைய வகையே புழக்கத்தில் இருந்தது. அதனால் படத்தில் கறுப்பாகத் தெரியும் புடவை அசலில் அரக்குச் சிவப்பாக இருந்திருக்கலாம். குங்குமம் கரும்பொட்டாக விழும். நீல வானம் வெறும் வெள்ளையாகிவிடும். செம்பழுப்புத் தோல் உள்ளதைவிடக் கறுத்துத் தெரியும். இதை அறியாமல் “கொள்ளுப்பாட்டி கறுப்புப் புடவைதான் கட்டுவாராம்” என்று கதை எழுதிவிடுகிறோம். இப்போது செயலிகள் ஒரு தட்டலில் வண்ணம் பூசித் தருகின்றன. அவையும் கறுப்பைக் கறுப்பாகத்தான் எடுத்துக்கொள்கின்றன. மங்கிய கண்ணை, மூக்கைத் ‘தெளிவாக்கும்’போது யாரோ ஒருவருடைய கண்ணை வைத்துவிடுகின்றன. ஆசைக்குச் செய்து பாருங்கள். ஆனால் அசலைத் தனியாக வைத்து, மாற்றியதில் ‘மாற்றியது’ என்று எழுதிவிடுங்கள்.

கலைஞர்களே தெரிந்து மாற்றிய படங்களும் உண்டு. ஓவியர் அம்ரிதா ஷெர்கிலின் தந்தை உம்ராவ் சிங் (1870–1954) தன்னையும் குடும்பத்தையும் பல பத்தாண்டுகள் படமெடுத்தவர். அவருடைய பேரன் விவான் சுந்தரம் அந்தப் படங்களைக் கணினியில் இணைத்து, இரண்டு காலங்கள் ஒரே அறையில் சந்திப்பது போன்ற ஒரு வரிசையைச் செய்தார். அது பேரனின் படைப்பு. அதைத் தாத்தா எடுத்த புகைப்படம் என்று சொன்னால் இரண்டு பேருக்கும் அநியாயம்.

பழைய படங்களில் யாரும் சிரிப்பதில்லை, வெகு நேரம் அசையாமல் நிற்க வேண்டியிருந்ததால்தான் என்பதையும் நாம் பேசும் இந்த நூறு வருடப் பழைய படங்களுக்குச் சொல்ல முடியாது. 1900-க்குள் உலர்தகடுகள் (முன்கூட்டியே மருந்து பூசி உலர்த்திய கண்ணாடித் தகடுகள்) வந்து, அவ்வளவு நேரம் காத்திருக்கும் தேவை போய்விட்டது. படம் எடுப்பது பெரிய காரியம், அதற்கு ஒரு மரியாதையான முகம் வேண்டும் என்ற எண்ணம்தான் மிச்சமிருந்தது.

ஓவியர் வேறு, புகைப்படக்காரர் வேறு என்று கோடு கிழிப்பதையும் விட வேண்டும். கொண்டையராஜுவைப் பாருங்கள். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரைந்து, கடைசியில் கோவில்பட்டியில் தங்கியவர். அங்கே சீடர்களோடு நடத்தியது ஒரு போட்டோ ஸ்டுடியோ. சிவகாசியில் அச்சான அவர்களுடைய முருகனும் மீனாட்சியும் நாட்காட்டி வழியாக நம் பூஜை அறைக்கு வந்தார்கள். சில படங்களில் குருவின் பெயரோடு சீடர் டி.எஸ். சுப்பையாவின் பெயரும் சேர்ந்தே இருக்கும். படத்தைப் பகிரும்போது அந்த இரண்டாவது பெயரை விட்டுவிடாதீர்கள்.

எங்கள் கொள்ளுப்பாட்டி படத்தின் பின்னால் நான் இப்போது ஒரு உறை ஒட்டியிருக்கிறேன். உள்ளே ஒரு சீட்டு: “எடுத்தவர், ஸ்டுடியோ, ஊர் தெரியவில்லை. அட்டையில் பெயர் இருந்தது. ஃப்ரேம் மாற்றும்போது போய்விட்டது. புடவை நிறம் கறுப்பு என்று கொள்ள வேண்டாம்.”