ஸ்கேன் எடுக்கும்போது நாம் பயப்பட வேண்டிய இடம் வேறு

எம்.ஆர்.ஐ. எடுத்தால் கதிர்வீச்சு ஏறும் என்று பயப்படுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அதில் எக்ஸ்ரே கதிரே கிடையாது. காந்தமும் ரேடியோ அலையும்தான். ஆபத்து அந்தக் காந்தத்தில் இருக்கிறது. 1.5 டெஸ்லா (காந்த வலிமையை அளக்கும் அலகு) மெஷின் என்றால் பூமியின் காந்தப்புலத்தைப் போலச் சுமார் 30,000 மடங்கு. ஸ்கேன் ஓடாத நேரத்திலும் காந்தம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். 2018-இல் மும்பையில் நோயாளியோடு வந்த உறவினர் ஒருவர் ஆக்ஸிஜன் சிலிண்டருடன் அந்த அறைக்குள் போய் உயிரையே இழந்தார். அதனால் துணைக்குப் போகிறவரும் சாவி, போன், ஹேர்பின் எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட வேண்டும். பேஸ்மேக்கர் இருந்தால் முன்பே சொல்லுங்கள். லேத், வெல்டிங் வேலை பார்த்தவர்கள் எப்போதாவது கண்ணில் இரும்புத்தூள் விழுந்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்ல வேண்டும்.

சரி, கதிர்வீச்சு எதில்தான் இருக்கிறது? எக்ஸ்ரேயிலும் சி.டி.யிலும். மார்பு எக்ஸ்ரே ஒன்றுக்கு 0.1 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்றால், வயிற்று சி.டி.க்கு 8 வரை போகும். இயற்கையிலிருந்து நமக்கு ஓர் ஆண்டில் கிடைப்பது உலக சராசரியாக 2.4. ஆஸ்பத்திரி மாறும்போது பழைய ஃபிலிமை வீட்டிலேயே விட்டுவிட்டு, அதே சி.டி.யை மறுபடி எடுப்பது வீண். குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை.

ஆனால் கதிருக்குப் பயந்து அவசர சி.டி.யைத் தள்ளிப்போடுவது எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. ஒருவருக்குத் திடீரென்று வாய் கோணி, கை விழுந்துவிட்டால், மூளையில் அடைப்பா, ரத்தக்கசிவா என்பதை முதலில் சொல்வது அந்தப் படம்தான். அடைப்பு என்றால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ரத்தக்கசிவு என்றால் அதைப் போடவே கூடாது. அங்கே யோசித்துக்கொண்டு நிற்க நேரமில்லை.

இடுப்பு வலிக்கு நாமே போய் எம்.ஆர்.ஐ. எடுப்பது இன்னொரு தவறு. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015 ஆய்வில், 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு இடையே இருக்கும் மெத்தை போன்ற தட்டு) தேய்மானம் தெரிந்தது. 80 வயதில் 96 சதவீதம். ரிப்போர்ட்டில் 'பல்ஜ்' (டிஸ்க் புடைத்திருப்பது) என்று பார்த்ததுமே ஆபரேஷன் பயத்தில் தூக்கம் தொலைக்க வேண்டாம். கால் பலவீனம், சிறுநீர் கட்டுப்படாமல் போவது, காய்ச்சலோடு வலி இருந்தால் உடனே டாக்டரிடம் போங்கள்.

அப்புறம், சி.டி.க்குக் கான்ட்ராஸ்ட் ஊசி (படம் தெளிவாகத் தெரிவதற்கான மருந்து) போடுவார்கள் என்றால் சிறுநீரகக் கோளாறு, பழைய அலர்ஜி, சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை மூன்றையும் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே போதும், டேபிளில் படுப்பதற்கு முன் டெக்னீஷியனிடம் சொல்லிவிடுங்கள்.