வயலின் நோட்ஸ் வாங்குமுன்: ரஷ்ய இசையும் ஃபிடில் மெட்டும்

சேலத்திலும் ஏற்காட்டிலும் மேற்கத்திய வயலின் நோட்ஸ், அதாவது அச்சிட்ட இசைத்தாள், வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இணையத்தில் தலைப்பை மட்டும் பார்த்தே பணம் கட்டுகிறார்கள். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மானினோவின் 'வொக்கலீஸ்' என்று போட்டிருந்தால், அது பாடகருக்கா, செல்லோவுக்கா, வயலினுக்கா என்று தலைப்பிலிருந்து தெரியாது. அவர் அதை எழுதியது குரலுக்கும் பியானோவுக்கும், சி ஷார்ப் மைனரில். அதாவது வரியின் தொடக்கத்தில் நாலு ஷார்ப் குறி. வயலினில் பரவலாக வாசிக்கப்படுவது ஈ மைனர், ஒரே ஷார்ப். உங்கள் கையில் ஒன்று, கீபோர்டு வாசிப்பவர் கையில் மற்றொன்று என்றால் ஒத்திகை முதல் பாரிலேயே (முதல் தாளப் பிரிவிலேயே) நின்றுவிடும். எந்த வாத்தியத்துக்கு, எந்த கீ (ஆதார சுருதி), பியானோ பார்ட் சேர்ந்து வருகிறதா என்ற மூன்றையும் பார்த்துவிட்டு வாங்குங்கள். 'ஃபுல் ஸ்கோர்' என்று இருந்தால் அது இசைக்குழுவை நடத்துகிறவருக்கானது. வயலின் வரி அதில் பல வரிகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும். வைத்து வாசிக்க முடியாது.

அடுத்தது மாதிரிப் பக்கம். ஸ்டாஃபுக்கு, அதாவது ஸ்வரங்களை எழுதும் ஐந்து கோட்டுக்கு, மேலே எத்தனை துணைக்கோடுகள் வருகின்றன என்று எண்ணுங்கள். ஒரு துணைக்கோடும் அதன் தலைமேல் உட்காரும் பி ஸ்வரமும் வரை முதல் பொசிஷனில் (தொடக்கத்தில் கற்கும் கை நிலையில்) எட்டும். இரண்டு கோடும் அதன் மேல் டி ஸ்வரமும் என்றால் மூன்றாம் பொசிஷன் தெரிந்திருக்க வேண்டும். அட்டையில் 'ஈஸி' என்று போட்டிருப்பதைவிட இந்த எண்ணிக்கையை நம்பலாம். முதல் பக்கம் எளிதாகத்தான் இருக்கும். முடிந்தால் கடைசிப் பக்கத்தையும் பாருங்கள். கஷ்டமான இடம் பெரும்பாலும் அங்கேதான்.

கர்னாடக வயலின் கற்றவர்களுக்கு ஒன்று. ச-ப-ச-ப சுருதியில் இருக்கும் வயலினில் இந்த நோட்ஸை வாசிக்க முடியாது. நடுவில் உள்ள இரண்டு தந்திகளுக்கிடையே ப-வுக்கும் மேல் ச-வுக்கும் உள்ள தூரம்தான் இருக்கிறது. நோட்ஸோ ஜி, டி, ஏ, ஈ என்று எல்லாத் தந்திகளுக்கும் நடுவே ச-ப தூரத்தை எதிர்பார்க்கிறது. விரல் எண்கள் எல்லாம் தப்பாகும். தினமும் சுருதி மாற்றி மாற்றி வைத்தால் தந்தி சீக்கிரம் கெடும். வீட்டில் பழைய வயலின் இருந்தால் இதற்கென ஒதுக்கிவிடுவது நல்லது.

ரஷ்ய இசைக்குப் பதிப்பு முக்கியம். சைகோவ்ஸ்கியின் வயலின் கான்செர்ட்டோ (1878) எல்லோருக்குமானது இல்லைதான். ஆனால் பதிப்பு என்ன செய்யும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. வயலின் கலைஞர் லியோபோல்ட் ஆவர் (Auer) திருத்திய பதிப்பில் கடைசிப் பகுதியில் சில இடங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. வயலின் பார்ட்டை அதிலிருந்தும் பியானோ பார்ட்டை மூலத்தைப் பின்பற்றிய பதிப்பிலிருந்தும் எடுத்தால் பார் எண்கள் ஒத்துவராது. இரண்டு பார்ட்டும் ஒரே பதிப்பிலிருந்தே வர வேண்டும். பியானோ மாணவர்களுக்கு முசோர்க்ஸ்கியின் 'பிக்சர்ஸ் அட் அன் எக்ஸிபிஷன்' இதே பாடம். அதில் வரும் மாட்டுவண்டிப் பகுதி மூலத்தில் எடுத்த எடுப்பிலேயே முழுச் சத்தத்துடன் வருகிறது. 1886-இல் ரிம்ஸ்கி-கோர்சகோவ் திருத்தி வெளியிட்ட பதிப்பில் தூரத்திலிருந்து மெல்ல நெருங்கி வருகிறது. 'ஊர்டெக்ஸ்ட்' என்று அட்டையில் இருந்தால், இசையமைப்பாளர் எழுதியதை ஒட்டியே அச்சிட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

இலவசமாக இறக்கிக்கொள்ள ஐஎம்எஸ்எல்பி (IMSLP) என்ற இணையதளம் இருக்கிறது. இந்தியச் சட்டப்படி இசையமைப்பாளர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் காப்புரிமை. 1943-இல் இறந்த ராக்மானினோவ், 1953-இல் இறந்த ப்ரோகோஃபியேவ் இருவரின் மூல இசையும் இங்கே எல்லோருக்கும் உரியது. ஷோஸ்டகோவிச் இறந்தது 1975; 2035 முடியும்வரை அவருடையதைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். வேறொருவர் வயலினுக்கு மாற்றி எழுதியிருந்தால் அவருடைய உரிமை தனி. அவர் இறந்த ஆண்டையும் பார்க்க வேண்டும்.

ஃபிடில் மெட்டுகளுக்கு, அதாவது வயலினில் வாசிக்கும் ஐரிஷ் நாட்டுப்புற நடன மெட்டுகளுக்கு, வந்தால் எல்லாம் தலைகீழ். ரஷ்யப் பதிப்பில் ஒவ்வொரு புள்ளியும் கோடும் வாசிக்கத்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஐரிஷ் மெட்டில் அச்சாகியிருப்பது எலும்புக்கூடு மட்டுமே. கமகம் எழுதாத ஸ்வரப் புத்தகம் போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். வில்லை எங்கே சேர்த்திழுப்பது, எங்கே ஸ்வரத்தைச் சுழற்றுவது என்பதெல்லாம் கேட்டுத்தான் வரும். அதனால் ஒலிப்பதிவு சேர்ந்து வரும் புத்தகத்தையே தேர்ந்தெடுங்கள். அமைப்பு எளிது: பெரும்பாலான மெட்டுகளில் எட்டு பார்களில் இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் இரண்டு முறை, மொத்தம் 32 பார். நடன வகைக்கேற்ப நடை மாறும். ரீல் நம் சதுஸ்ர நடை. ஜிக் 6/8, திஸ்ர நடையில் இரண்டு அடி. ஸ்லிப் ஜிக் 9/8, அதே நடையில் மூன்று அடி. ஹார்ன்பைப்பை நேரான ஸ்வரங்களாக அச்சிட்டிருந்தாலும் நொண்டி நடையில்தான் வாசிப்பார்கள். அச்சிட்டபடி வாசித்தால் தட்டையாக இருக்கும்.

கீ விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு ஷார்ப் இருந்தால் ஜி மேஜர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மெட்டு எந்த ஸ்வரத்தில் முடிகிறது என்று பாருங்கள். ஜி-யில் முடிந்தால் சங்கராபரணம். டி-யில் முடிந்தால் அரிகாம்போதி, ரெண்டு கட்டை. ஏ-யில் முடிந்தால் கரகரப்பிரியா, ஆறு கட்டை. ஈ-யில் முடிந்தால் நடபைரவி. நாலுக்கும் அதே ஒரு ஷார்ப்தான். கரகரப்பிரியா மெட்டுக்குக் கீபோர்டுக்காரர் ஜி மேஜரை ஆதாரமாக வைத்துக் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு) போட்டால் முடிவு அந்தரத்தில் தொங்கும். வயலின் வரிக்கு மேலே கார்ட் பெயர்கள் அச்சிட்ட புத்தகம் வாங்கினால் இந்தத் தொல்லை குறையும்.

1903-இல் சிகாகோவில் ஃப்ரான்சிஸ் ஓ'நீல் வெளியிட்ட தொகுப்பில் 1850 மெட்டுகள் உள்ளன. இலவசமாகவே கிடைக்கும், ஆனால் கார்ட் இல்லை. சுலபமாக்குகிறோம் என்று எல்லாவற்றையும் சி மேஜருக்கு மாற்றிய புத்தகங்களைத் தவிர்த்துவிடுங்கள். டி, ஜி, ஏ கீக்களில் திறந்த தந்தி ஆதாரமாக ஒலித்துக்கொண்டே இருக்கும். ஃபிடிலின் உயிர் அதில்தான்.

ஸ்டாஃப் வாசிப்பே புதிது என்றால் தீட்சிதர் மேற்கத்திய மெட்டுகளில் எழுதிய நோட்டுஸ்வரங்களிலிருந்து தொடங்கலாம். 'சந்ததம் பாஹிமாம்' தெரிந்தவர்களுக்கு 'காட் சேவ் த கிங்' மெட்டு ஏற்கெனவே தெரியும். காதுக்குத் தெரிந்ததைக் கண் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

பிடிஎஃப் எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போகுமுன், பழைய ஸ்கேன்களின் வெள்ளை ஓரத்தை வெட்டிவிடுங்கள். ஓரத்தோடு ஏ4-இல் அடித்தால் ஐந்து கோடுகளும் சுருங்கிவிடும். அச்சான பிறகு ஸ்கேலில் அளந்து பாருங்கள்: ஐந்து கோட்டின் உயரம் 7 மி.மீ. இருந்தால் நல்லது, 6-க்குக் கீழே போனால் ஸ்டாண்டிலிருந்து படிக்கக் கண் வலிக்கும். 100 ஜிஎஸ்எம் மேட் தாள் கேளுங்கள். சாதாரண ஜெராக்ஸ் தாள் ஃபேன் காற்றில் மடங்கும். வழவழப்பான தாளில் விளக்கு வெளிச்சம் பளிச்சிடும். பக்கம் திருப்பும் இடத்தில் ஓய்வு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் மூன்று தாளைப் பக்கம் பக்கமாக ஒட்டி விரித்து வைக்கலாம்.

ஏற்காட்டில் இருப்பவர்கள் லேசர் பிரிண்ட்தான் எடுக்க வேண்டும். இங்க்ஜெட் மை பனி ஈரத்தில் பரவும். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டால் உறை தாளோடு ஒட்டிக்கொள்ளலாம். மழை மாதங்களில் சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். நோட்ஸை நிமிர்த்தி, நெருக்காமல் வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு வையுங்கள், பூசணம் பிடிக்காது.