ஈக்கோவில் படுக்கை, ஃப்ரிட்ஜ், மின்விசிறி: பாடியில் துளை போடாமல் ஒரு பயண வேன்

முதலில் வண்டி. என் ஓட்டு மாருதி ஈக்கோ 5 சீட்டர் பெட்ரோலுக்குத்தான். டிராவலர், விங்கர் மாதிரி பெரிய வேன்களில் இடம் தாராளம், ஆனால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அதைத் திருப்பி ஏற்றும்போது அந்தத் தாராளமெல்லாம் மறந்துபோகும். மாருதி ஆம்னி வேன் உற்பத்தி 2019-லேயே நின்றுவிட்டது. ஈக்கோ 3.7 மீட்டர் நீளத்துக்குள் அடங்கும். பின்சக்கரம்தான் இழுக்கும் என்பதால் பின்னால் சாமான் ஏறினாலும் ஏற்றத்தில் பிடிப்பு போகாது. எந்த ஊர் மெக்கானிக்கும் தயங்காமல் கை வைப்பார்.

விலை குறைவு என்று கார்கோ மாடலுக்குப் போகாதீர்கள். அது சரக்கு வாகனமாகப் பதிவாகும். பின்னால் ஆள் உட்கார வைத்துப் போக முடியாது.

பழைய வண்டி பார்க்கப் போனால் மேட்டைத் தூக்கித் தரையில் துரு இருக்கிறதா பாருங்கள். பக்கக் கதவின் ரெயிலையும் விடாதீர்கள். அப்புறம், விற்பவர் என்ன நினைத்தாலும் சரி, பின்சீட்டை மடக்கி, முன்சீட்டை முன்னுக்குத் தள்ளி, உள்ளே ஒருமுறை படுத்துப் பாருங்கள். டேப் வைத்து அளப்பதைவிட இது நம்பகமானது. கால் நீளாவிட்டால் அந்த வண்டி உங்களுக்கில்லை.

சரி, உள்வேலை. ஆர்வத்தில் சீட்டைக் கழற்றி எறிவது, கூரையை அறுத்து உயர்த்துவது எல்லாம் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதியாகச் சொன்னது. நம்ம வழி எளிது: எல்லாமே கழற்றி வீட்டில் வைக்கக்கூடிய சாமானாக இருக்க வேண்டும். வண்டி ஐந்து சீட் வண்டியாகவே இருக்கும்.

பின்சீட்டுக்குப் பின்னால் ஒரு பெட்டி. அதன் உயரம் மடக்கிய சீட்டின் உயரத்துக்குச் சமமாக இருக்கட்டும். பெட்டி மூடியோடு கீல் போட்ட பலகை ஒன்று. ராத்திரி அதை விரித்தால் சீட்டின் மேல் படியும், அதுதான் கட்டில். ஐ.எஸ். 710 தர முத்திரை உள்ள, தண்ணீர் தாங்கும் 12 மி.மீ. மரைன் பிளைவுட் போதும், அடியில் குறுக்குச் சட்டம் கொடுத்தால். ஆசாரி 18 மி.மீ. போடச் சொல்வார், கேட்காதீர்கள். அந்த எடையை ஒவ்வொரு மலையிலும் நீங்கள்தான் ஏற்றுவீர்கள். பெட்டியை ராட்செட் பெல்ட்டால் (கைப்பிடியை ஆட்டி இறுக்கும் பட்டை) சீட்டின் இரும்புக் கால்களோடு இறுக்கிக் கட்டுங்கள். கட்டாத பெட்டி சடன் பிரேக்கில் முன்னால் இருப்பவர் முதுகுக்குத்தான் வரும். ஈக்கோவின் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருப்பதால், சீட்டைத் தூக்க முடியாதபடி எதையும் அங்கே அடுக்க வேண்டாம்.

இனி கரண்ட். பலரும் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான், நானும் நிறைய நேரம் செலவழித்தது இங்கேதான்.

வண்டியின் பேட்டரியைத் தொடாமல், இதற்கென்று தனியாக 12.8 வோல்ட், 100 ஏ.எச். (ஆம்பியர்-மணி) லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வாங்குங்கள். கிட்டத்தட்ட 1280 வாட்-மணி வரும். 45 வாட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் பாதி நேரம் ஓடுகிறது என்று வைத்தால் நாளுக்கு 540 வாட்-மணி. மின்விசிறி, விளக்கு, போன் சேர்த்தாலும் இரண்டு நாள் ஓட்டலாம். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைத் தூக்கி வைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். கனம் அதிகம், மூடிய இடத்தில் அது விடும் வாயுவும் ஆபத்து.

என் பிரச்சினை வேறு. பகலில் ஓட்டும்போது ஜம்மென்று ஓடும் ஃப்ரிட்ஜ், ராத்திரி வண்டி நின்றதும் அணைந்துவிடும். அப்போது இருந்தது லெட் ஆசிட் பேட்டரி. மீட்டர் வைத்தால் 12.2 வோல்ட், ஃப்ரிட்ஜ் அணையும் அளவுக்குக் குறைவில்லை. ஃப்ரிட்ஜ் ஓடும்போது அதன் பிளக்கில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது: 11.2. ஒரு வோல்ட் ஒயரிலேயே காணாமல் போயிருந்தது.

கணக்கு இப்படி. 0.75 சதுர மி.மீ. செம்பு ஒயரின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.024 ஓம். பேட்டரியிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு 4 மீட்டர் என்றால், போக வர 8 மீட்டர். 5 ஆம்பியர் ஓடினால் இழப்பு ஏறக்குறைய ஒரு வோல்ட். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து ஃப்ரிட்ஜ் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் (இன்ஜின் சுற்றி கரண்ட் தரும் கருவி) 14 வோல்ட் வரை தருவதால் இது வெளியே தெரியாது. அதே தூரத்துக்கு 4 சதுர மி.மீ. ஒயர் போட்டால் இழப்பு 0.2 வோல்ட்டுக்குள் வந்துவிடும். வீட்டு ஒயரிங்குக்கு விற்கும் பல இழை ஒயரே போதும்.

பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 20 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். ஒயரை முறுக்கி டேப் சுற்றுவது ஆகாது. ஒயர் முனையில் லக் (உலோகக் காது) போட்டு கிரிம்பிங் டூலால் அழுத்துங்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட் எனக்கு அறவே பிடிக்காது, மலைப்பாதைக் குலுக்கலில் கழன்றுவிடும். இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும் ஆண்டர்சன் கனெக்டர் போடுங்கள். ஓடும்போது வண்டியின் கரண்டிலிருந்து இந்தப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற 20 ஆம்பியர் டி.சி.–டி.சி. சார்ஜர் ஒன்று, அதற்கு மட்டும் இன்னும் தடித்த ஒயரும் 30 ஆம்பியர் ஃபியூஸும். மூன்று மணி நேரம் ஓட்டினால் பாதிக்கு மேல் ஏறிவிடும். கூரையில் சோலார்? நாம் நிறுத்துவது எப்போதும் மர நிழலில். காசு வீண்.

தண்ணீருக்கு 20 லிட்டர் கேனும் சார்ஜ் போடும் பம்பும். எந்த ஊர்க் கடையிலும் கேன் மாற்றிக்கொள்ளலாம். ஜன்னலுக்குக் காந்தம் வைத்துத் தைத்த கொசுவலை. சமையல் வெளியே மட்டும். மூடிய வண்டிக்குள் அடுப்பு எரித்தால் கார்பன் மோனாக்சைடு, வாசனை வராது, எழுந்திருக்கவும் மாட்டீர்கள். பியூட்டேன் டப்பா அடுப்பு ஜனவரி ஊட்டியில் சோம்பும். பூஜ்ய டிகிரி அருகே அந்த வாயு ஆவியாகாது. டப்பாவைக் கொஞ்ச நேரம் ஸ்வெட்டருக்குள் வைத்திருந்துவிட்டுப் பற்றவையுங்கள்.

பின்சேர்க்கை: ஒயர் மாற்றியும் ஃப்ரிட்ஜ் அணைகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ஒருவர் பிளஸ்ஸுக்கு மட்டும் தடித்த ஒயர் போட்டு, மைனஸை வண்டி பாடியில் பெயின்ட் மேலேயே முடுக்கியிருந்தார். மைனஸுக்கும் தனி ஒயர் இழுத்துப் பேட்டரிக்கே கொண்டு போங்கள். இன்னொருவருக்கு ஃப்ரிட்ஜின் பேட்டரி பாதுகாப்பு (வோல்ட் குறைந்தால் ஃப்ரிட்ஜை அணைக்கும் அமைப்பு) 'ஹை'யில் இருந்தது. லித்தியத்துக்கு 'லோ' போதும்.

சி.என்.ஜி. ஈக்கோவில் செய்யலாமா என்றும் கேட்கிறார்கள். பெட்டி வைக்கும் இடத்தில்தான் சிலிண்டர் இருக்கும், அதனால் இந்த அளவுகள் பொருந்தாது.

இன்னொன்று: 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுத்துத்தான் போக வேண்டும். முதுமலை தாண்டி பந்திப்பூர் வழியாக மைசூர் போகிறவர்கள், அந்தச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்பதைக் கணக்கில் வைத்துக் கிளம்புங்கள். காட்டு ஓரத்தில் நிறுத்தித் தூங்க வனத்துறை விடாது. கூடலூரில் பெட்ரோல் பங்க்கில் கேட்டு நிறுத்திக்கொள்ளலாம்.