முதலில் இருக்கை, பிறகு மூச்சு: எட்டு முழ வேட்டியில் ஒரு யோகப்பட்டம்

தியானத்தைப் பாதியில் விட்டவர்களைக் கேட்டால் மனசு நிற்கவில்லை என்பார்கள். உண்மையில் விடவைத்தது பெரும்பாலும் இடுப்போ முட்டியோதான். பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் ஏறக்குறைய இருநூறு சூத்திரங்கள் உண்டு. ஆசனம் எப்படி இருக்க வேண்டும் என்று நேராகப் பேசுபவை மூன்றே மூன்று (2.46 முதல் 2.48 வரை). அசையாமல் இருக்கணும், சுகமாகவும் இருக்கணும் என்பதுதான் முதல் நிபந்தனை. அது கூடிவந்த பிறகே பிராணாயாமம் என்கிறது அடுத்த சூத்திரம். முதுகு கூனியபடியே மூச்சை அடக்கப் பார்ப்பவர்கள் இந்த வரிசையைத்தான் தாண்டிக் குதிக்கிறார்கள்.

கோரைப் பாய் விரித்து, அதன்மேல் ஜமக்காளத்தை நாலு அங்குல உயரத்துக்கு மடித்துப் போடுங்கள். முன் விளிம்பில் பிட்டம் மட்டும் படும்படி சம்மணம் போட வேண்டும். தொடை விளிம்பில் அழுந்தினால் கால் மரத்துப்போகும். வீட்டில் யாரையாவது பக்கவாட்டில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். முட்டி இடுப்பைவிட உயர்ந்திருந்தால் இன்னொரு மடிப்பு சேருங்கள், ஆறு அங்குலம் வரை போகலாம். முட்டி உயர்ந்தால் இடுப்பெலும்பு பின்னால் சாயும், கீழ்முதுகு வளையும், வயிறு மடங்கும், மூச்சு மேல்நெஞ்சோடு நின்றுவிடும். ரப்பர் மேட் வேண்டாம், வேலூர் வெயிலில் வியர்வைக்கு வழுக்கும். முட்டிவலிக்காரர்களும் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களும் நாற்காலியின் முன்பாதியில், சாயாமல், பாதம் தரையில் முழுசாகப் பட உட்கார்ந்தால் போதும்.

ஆறு அங்குலம் வைத்தும் முட்டி இறங்காதவர்களுக்கு ஒரு பழைய வழி உண்டு. சோளிங்கர் பெரிய மலையில் இருப்பவர் யோக நரசிம்மர். கோயில் தூண்களில் யோக நரசிம்மர் சிற்பம் கண்ணில் பட்டால் நின்று கவனியுங்கள். கணுக்கால்கள் குறுக்கே, முட்டி இரண்டும் தூக்கி, அவற்றைச் சுற்றி ஒரு பட்டை ஓடும். நகை என்று நினைத்துக் கடந்துவிடுகிறோம். அதுதான் யோகப்பட்டம், உட்காரும்போது உடம்பைத் தாங்கக் கட்டும் பட்டை.

அதை வீட்டு வேட்டியிலேயே கட்டலாம். நாலு முழ வேட்டி முடிச்சுக்குப் போதாது, எட்டு முழம் எடுங்கள். சிற்பத்தில் இருப்பதுபோல முட்டியைத் தூக்கி உட்காருங்கள். நீளவாக்கில் மடித்து எட்டு அங்குல அகலப் பட்டையாக்கி, கீழ்முதுகில் கொடுத்து, இரு பக்கமும் முன்னால் கொண்டுவந்து முட்டிக்குச் சற்றுக் கீழே சுற்றுங்கள். முடிச்சு பக்கவாட்டில் வரட்டும். முன்னால் வந்தால் முழங்கால் எலும்பை உறுத்தும். முட்டி முன்னால் தள்ள, பட்டை முதுகைத் தாங்கும். பட்டைக்கும் முதுகுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். இறுக்கினால் தொடை வயிற்றை அமுக்கி மூச்சைக் குட்டையாக்கும். முதலில் பத்து நிமிஷம் போதும்.

நேரம் விடியற்காலை நாலரைக்கும் ஆறுக்கும் இடையே. வேலூரைச் சுற்றியுள்ள பாறைக் குன்றுகள் பகலில் வாங்கிய சூட்டை மெல்லத்தான் விடும். கோடையில் மொட்டை மாடித் தரை இரவு வெகுநேரம் சுடும். வயிறு காலியாக இருக்கட்டும், சாப்பிட்டிருந்தால் மூன்று மணி நேரம் கழியணும்.

இனி நாடி சுத்தி, அதாவது நாசி மாற்றி மூச்சு விடுவது. வலக்கையின் சுட்டுவிரலையும் நடுவிரலையும் மடக்குங்கள். கட்டைவிரலால் வலது நாசியை மூடி, இடதில் நாலு எண்ணி இழுங்கள். மோதிரவிரலால் இடதை மூடி, வலதில் ஆறு எண்ணி விடுங்கள். வலதிலேயே இழுத்து இடதில் விட்டால் ஒரு சுற்று. தொடக்கத்தில் ஐந்து சுற்று. நாசியின் எலும்பை அழுத்தாதீர்கள், அதற்குக் கீழே மெத்தென்ற இடத்தில் தொட்டாலே அடைபடும். விட்டு முடித்ததும் அவசரமாக மூச்சு வாங்கினால் எண்ணிக்கை உங்களுக்கு அதிகம், ஒன்றைக் குறையுங்கள். சிரமமே இல்லாமல் போனால் விடுவதை எட்டாக்கலாம்.

திருமூலர் சொல்லும் கணக்கு 16 மாத்திரை இழுத்து, 64 நிறுத்தி, 32 விடுவது. மாத்திரை என்பது பழைய கால அளவு. அதை ஒரு வினாடி என்று வைத்தாலே ஒரு மூச்சுக்கு 112 வினாடி ஆகிறது. இந்தக் கணக்கை முதல் வாரத்திலேயே முயல்வது வீம்பு. கும்பகத்தை, அதாவது மூச்சை நிறுத்துவதை, ஆசிரியர் எதிரில் இருந்துதான் பழக வேண்டும். ரத்த அழுத்தம், இதயநோய், கண் நீர் அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை நிறுத்தவே வேண்டாம்.

கத்திரி வெயிலில் பஸ்திரிகா, கபாலபாதி என்ற வேகமான மூச்சுப் பயிற்சிகள் இரண்டையும் தள்ளிவையுங்கள், உடம்பு இன்னும் சூடாகும். அதற்குப் பதில் சீதளி: நாக்கைக் குழலாக்கி அதன் வழியே இழுத்து, மூக்கால் விடுவது. ஆனால் வாய்வழி மூச்சு தூசியை வடிகட்டாது. ரோட்டோர வீட்டிலும் குப்பை எரியும் பக்கத்திலும் சீதளி கூடாது.

கடைசியாகத் தியானம், பத்து நிமிஷம். மூச்சை இயல்பாக விட்டு, வெளிவரும் மூச்சை மட்டும் ஒன்று முதல் பத்து வரை எண்ணி மறுபடி ஒன்றுக்கு வாருங்கள். பதினாலு என்று எண்ணிக்கொண்டிருப்பீர்கள். மனசு எங்கோ போய், வாய் மட்டும் எண்ணியிருக்கிறது. திட்டிக்கொள்ளாமல் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். கோயில் ஒலிபெருக்கியோ காட்பாடி ரயிலோ கேட்டால் கேட்கட்டும், அதோடு சண்டைக்குப் போனால் எண்ணிக்கைதான் போகும். தூக்கம் வந்தால் கண்ணைப் பாதி திறந்து, இரண்டு முழம் தள்ளித் தரையைப் பாருங்கள்.

எழும்போது முதலில் முடிச்சை அவிழ்த்துக் காலை நீட்டுங்கள். பாதத்தில் உணர்வு வராமல் எழுந்தால் கணுக்கால் பிசகும். தினமும் ஒரே இடம் மரத்தால் மறுநாள் மடிப்பை மாற்றிப் பாருங்கள். அப்போதும் மரத்தால் நேரத்தை ஐந்து நிமிஷமாக்குங்கள்.