பாலை மணலை மைக்ரோஸ்கோப்பில் பார்க்க: விளக்கு மேலே இருக்கட்டும்

அமீரகத்தில் இருக்கும் நம்மாட்களுக்கு துபாய்–ஹத்தா சாலையின் ‘பிக் ரெட்’ மணல்மேடு தெரியாமல் இருக்காது. அடுத்த முறை போகும்போது மாத்திரை டப்பாவில் கொஞ்சம் மணல் எடுத்து வாருங்கள். உம் அல் குவைன் கடற்கரை மணலும் கொஞ்சம் வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க.

டம்ளரில் போட்டுத் தண்ணீர் ஊற்றிச் சுழற்றி, கலங்கலை வடித்துவிடுங்கள். தெளியும்வரை இப்படியே. அப்புறம் வெயிலில் காயவையுங்கள், இங்கே வெயிலுக்கா பஞ்சம்!

பள்ளிப் பிள்ளைகளின் மைக்ரோஸ்கோப்பே போதும். 40 மடங்குக்கு மேல் போகாதீர்கள். 400 மடங்கு லென்ஸ் மணலில் உரசிக் கீறல் விழும். போதாததற்கு ஒரு மணியின் ஓரம் மட்டும்தான் ஃபோகஸில் நிற்கும்.

பலரும் சறுக்குவது வெளிச்சத்தில்தான். கீழ் விளக்கை எரியவிட்டால் மணிகள் கருத்த விளிம்போடு நிழலாகத்தான் தெரியும். அதை அணையுங்கள். ஸ்லைடின் மேல் கறுப்புக் காகிதம், அதன்மேல் மணிகள். ஒரு சிட்டிகைகூட அதிகம். ஒன்றோடொன்று ஒட்டாமல் தூவினால் சரி. ஸ்லைடுக்கு மேலே, பக்கவாட்டில் தாழப் பிடித்த டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள்.

பாலை மணலில் பெரும்பாலானவை குவார்ட்ஸ் என்ற கனிமம். பெரிய மணிகள் உருண்டு, மேற்பரப்பு தேய்த்த கண்ணாடிபோல மங்கியிருக்கும். காற்றில் தாவித் தாவி மோதியதும், பனி ஈரத்தின் ரசாயன வேலையும் சேர்ந்து செய்தது இது. குவார்ட்ஸை உருட்டுவதில் ஆற்றைவிடக் காற்று பல மடங்கு வேகம் என்று டச்சுப் புவியியலாளர் கூனன் 1960இல் சோதனை செய்து காட்டினார். பொடி மணிகளோ கூர் மழுங்காமல் இருக்கும்; மோதுவதற்கு எடை போதாது. மணலின் சிவப்பு நிறம் இரும்பு ஆக்சைடின் மெல்லிய பூச்சு. குழிகளில் தங்கி, மேடுகளில் உதிர்ந்திருப்பதை நிதானமாகத் தேடுங்கள், நான் அதிக நேரம் செலவிடுவது அங்கேதான்.

இனி காகிதத்தை எடுத்துவிட்டு, வெறும் ஸ்லைடில் மணியின் மேல் ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டு, கீழ் விளக்கைப் போடுங்கள். மங்கல் மறைந்து மணி தெளிந்துவிடும். சிலவற்றின் உள்ளே நுண்குமிழிகள் வரிசையாக நிற்கும்.

கடற்கரை டப்பாவில் சிப்பித் துண்டுகள்தான் நிறைய. ஒரு சொட்டு வினிகர் விட்டால் குமிழி கிளம்பும். சிவப்பு மணலிலும் சில மணிகள் குமிழ்ந்தால் குழம்ப வேண்டாம், அங்கும் சுண்ணாம்புத் துணுக்குகள் கலந்திருக்கும். வினிகர் சோதனைக்குத் தனி ஸ்லைடு வையுங்கள், லென்ஸில் பட்டுவிடக் கூடாது.