சம்மதம் சொல்ல முடியாதவரை மனநல வார்டில் சேர்க்கும்போது கேட்க வேண்டிய தாள்கள்

மனநிலை கலங்கிய ஒருவரை வார்டில் சேர்க்க வீட்டார் கையெழுத்து ஒன்றே போதும் என்று பலரும் நம்புகிறார்கள். போதாது. அந்தக் கையெழுத்துக்கு 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் கெடு வைத்திருக்கிறது. வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை, பாகாயம் சி.எம்.சி. மனநல மையம், ஊர்ப்புறத்துத் தனியார் இல்லம், எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம்தான்.

முதலில், யார் கையெழுத்து? நோயாளி தெளிவாக இருக்கும் நாளிலேயே ஒரு வெள்ளைத்தாளில் ‘எனக்காகப் பேச இன்னார்’ என்று எழுதிக் கையெழுத்தோ கைரேகையோ வைக்கலாம். அந்த இன்னார்தான் நியமனப் பிரதிநிதி; கையெழுத்து அவருடையது. அவர் 18 வயது நிரம்பியவராக இருந்து, எழுத்தில் ஒப்புக்கொள்ளவும் வேண்டும். தாளில் அத்தை பெயர் இருந்தால் மூத்த அண்ணன் பேச்சு எடுபடாது.

அடுத்தது பரிசோதனை. ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல நிபுணர் அல்லது மருத்துவரும் தனித்தனியாகப் பார்த்திருக்க வேண்டும். சேர்க்கும் அன்றோ, அதற்கு முந்தைய 7 நாளுக்குள்ளோ. ஒருவர் எழுதியதன் கீழே மற்றவர் ஒப்பமிட்டால் அது பரிசோதனை ஆகாது. பேச்சு வராததாலேயே ஒருவரைச் ‘சம்மதம் தர இயலாதவர்’ என்று எழுதிவிடவும் கூடாது. தலையசைப்பும் சைகையும் பதில்தான்.

இப்படிச் சேர்த்தால் அதிகபட்சம் 30 நாள். இத்தகைய சேர்க்கைகளைச் சரிபார்க்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு 7 நாளில், பெண்ணோ சிறாரோ என்றால் 3 நாளில், தகவல் போக வேண்டும். அவரால் இப்போது சம்மதம் தர முடிகிறதா என்று 7 நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்; நடைமுறையில் தவறுவது பெரும்பாலும் இதுதான், தேதிகளைக் கேளுங்கள். 30 நாளைத் தாண்டினால் இரண்டு மனநல மருத்துவர்களின் பரிசோதனையும் வாரிய அனுமதியும் தேவை: முதலில் 90 நாள் வரை, அடுத்து 120, பிறகு 180. டிஸ்சார்ஜ் செய்து 7 நாளுக்குள் திரும்பச் சேர்த்தாலும் இந்தக் கடுமையான விதியே பொருந்தும்.

கட்டிப்போட்டிருந்தால் கேஸ் ஷீட்டைப் பாருங்கள். எதைக்கொண்டு கட்டினார்கள், எந்த முறையில், ஏன், எவ்வளவு நேரம், நான்கும் அப்போதே பதிவாகியிருக்க வேண்டும். ‘அமைதியில்லை, கை கட்டப்பட்டது’ என்ற ஒற்றை வரி போதாது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, பொறுப்பு மனநல மருத்துவர் அனுமதித்தால் மட்டுமே கட்டலாம். தண்டனையாகக் கட்டக் கூடாது. நர்ஸ் பற்றாக்குறையும் காரணமாகாது. 24 மணி நேரத்துக்குள் பிரதிநிதிக்குச் சொல்ல வேண்டும். மணிக்கட்டில் தழும்பு இருந்து ஷீட்டில் வரி இல்லையென்றால், தேதி தெரியப் படம் எடுத்துவைத்துக் கேளுங்கள். தனியறையில் பூட்டுவதற்கு அனுமதியே கிடையாது.

சங்கிலிக்கும் அப்படித்தான். 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடி மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்த 28 பேர் ஓட வழியின்றிக் கருகினார்கள். வீட்டிலேயே ஒருவரைக் கொடுமைப்படுத்துவதோ கவனிக்காமல் விடுவதோ தெரிந்தால் யாரும் காவல் நிலையத்தில் சொல்லலாம். பொறுப்பு அதிகாரி அதை மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும்.

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பாதுகாவலர் நியமனம் வேறு சட்டத்தில்: 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, கலெக்டர் உள்ள உள்ளூர்க் குழு வழியாக.

சேர்க்கையை எதிர்த்து வாரியத்துக்கு மனு கொடுத்தால் 7 நாளில் முடிவு சொல்ல வேண்டும். முடிவு பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் உயர்நீதிமன்றம். வக்கீல் செலவுக்கு வழியில்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். நோயாளிக்கு இலவசமாக வக்கீல் பெறும் உரிமை இந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. மனுவின் நகலில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். 7 நாள் கணக்கு அந்த முத்திரைத் தேதியிலிருந்துதான்.