மலைச்சரிவில் கட்டும்போது கட்டடக் கலைஞரும் ஒப்பந்ததாரரும் கூடி முடிவெடுக்க வேண்டியவை

நீலகிரியில் வீடு கட்டுவோர் பலர், வரைபடம் முழுவதும் முடிந்து அனுமதியும் கிடைத்த பிறகே ஒப்பந்ததாரரை அழைக்கிறார்கள். மட்டமான மனையில் இந்த வரிசையால் பெரிய கெடுதல் இல்லை, மலைச்சரிவில் உண்டு. எந்த இடத்தில் சிறிது தோண்டினாலே பாறை தட்டும், எந்த மேட்டில் மழைக்காலத்தில் ஊற்று கிளம்பும், எந்தத் திருப்பத்துக்கு மேல் லாரி ஏறாது என்பவை உள்ளூர் மேஸ்திரிக்குத் தெரிந்திருக்கும். கோயம்புத்தூரிலோ சென்னையிலோ அமர்ந்து வரைபவருக்குத் தெரிய வழியில்லை. ஆகவே முதல் கோட்டுப்படம் தயாரானதும், அளவுகள் உறுதியாகும் முன்பே, இருவரும் மனையில் சந்திக்க வேண்டும். ஒப்பந்தம் இன்னும் யாருக்கும் தரப்படவில்லை என்றால், அந்த ஆலோசனைக்கு உரிய தொகையை உரிமையாளர் தனியே கொடுத்துவிடுவது நல்லது. வேலை கைநழுவிவிடுமோ என்ற கவலையோடு பேசுபவர் பாறையைப் பற்றி உள்ளதைச் சொல்லத் தயங்குவார்.

சந்திக்கும் காலமும் முக்கியம். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையும், கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையும் வலுத்துப் பெய்யும். அந்தந்த மழை ஓய்ந்த சில நாட்களுக்குள் மனையைச் சுற்றி நடந்தால், கோடையில் கண்ணில் படாத நீர்க்கசிவுகள் தெரியும். மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தின் வடிகால் எங்கே வந்து முடிகிறது, மரங்கள் சரிவை நோக்கிச் சாய்ந்திருக்கின்றனவா, மண்ணில் வெடிப்பு ஓடுகிறதா என்று சேர்ந்து பார்த்து, கண்டதை நில அளவைப் படத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். அன்றே அசையாத பாறை ஒன்றில் வண்ணக்குறி இட்டு, கட்டடத்தின் எல்லா மட்டங்களையும் அதிலிருந்தே அளப்பது என்று முடிவு செய்யுங்கள். வரைபடத்தின் மட்டமும் மேஸ்திரி எடுத்துக்கொண்ட மட்டமும் வேறுபட்டால், தரைத்தளம் சற்றே உயர்ந்து, அனுமதிக்கப்பட்ட உயரத்தையே கட்டடம் தாண்டிவிடக்கூடும்.

சச்சரவு மிகுதியாகப் பிறப்பது மண் வெட்டும் வேலையில்தான். கட்டடக் கலைஞர் ஒரே சமதளமாக வரைந்துவிட்டால், ஒப்பந்ததாரர் சரிவை உயரமாக வெட்டியே ஆக வேண்டும். அப்படி வெட்டிய முகம் கோடை முழுவதும் நின்றுவிட்டு, ஐப்பசி மழையில் இறங்கிவிடும். 2009 நவம்பர் மழையில் நீலகிரியின் பல இடங்களில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை இங்கு வேலை செய்யும் எவரும் மறக்கலாகாது. சரிவைப் பின்பற்றித் தளங்களைப் படிப்படியாக இறக்கி வரைந்தால் வெட்டு குறையும், தடுப்புச்சுவரின் உயரமும் குறையும். பொக்லைன் இயக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை என்பதால், அதை யார், எந்த மாதத்துக்குள் பெறுவது என்பதை முதலிலேயே எழுதி வையுங்கள். தை முதல் சித்திரை வரையிலான வறண்ட மாதங்கள் விண்ணப்பத்திலேயே கழிந்துவிடக் கூடாது. சரிவை முழு நீளத்துக்கும் ஒரே நாளில் திறக்காமல், ஒரு பகுதியை வெட்டி, அங்கே சுவரை எழுப்பிய பிறகே அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். சுவரின் கனத்தையும் அடித்தளத்தையும் கட்டமைப்புப் பொறியாளர் கணக்கிடட்டும். ஆனால் பின்புறம் நிரப்பும் கல், கசிவுத் துளைகள், அவற்றின் வழியே வரும் தண்ணீர் எந்த ஓடையில் போய்ச் சேரும் என்பது ஆகியவற்றைக் காட்டாத வரைபடத்தை ஒப்பந்ததாரர் ஏற்றுக்கொள்ளவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அடித்தள ஆழம் தோண்டிய பிறகே தெரியும்; எனவே இந்த வேலைக்கு மொத்தத் தொகை பேசாமல், மண்ணுக்கும் பாறைக்கும் தனித்தனி விலை வைப்பதே இருவருக்கும் நியாயம்.

அடுத்தது குளிர்; அதில் கான்கிரீட் மெதுவாகவே இறுகும். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, தாங்கும் சுவர் அல்லது உத்தரங்களுக்கு இடையே 4.5 மீட்டர் வரை நீளும் தளத்தைக் கீழிருந்து தாங்கும் முட்டுகளை 7 நாளிலும், அதைவிட நீண்ட தளத்தின் முட்டுகளை 14 நாளிலும் எடுக்கலாம் என்கிறது. ஆனால் அந்தக் கணக்கு, சாதாரண போர்ட்லாந்து சிமெண்டைப் பயன்படுத்தி, முறையாக நீராற்றி, சுற்றுப்புற வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்காத இடத்துக்கு உரியது. உறைபனி விழும் மார்கழி உதகைக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்வது ஆபத்து. களத்திலேயே அதே குளிரில் வைத்த கான்கிரீட் சோதனைக் கட்டிகளின் வலிமையைப் பார்த்து, பொறியாளர் எழுத்தில் சொன்ன பிறகே முட்டு எடுக்க வேண்டும். முட்டும் பலகையுமான சென்ட்ரிங் சாமான்களுக்கு நாள் வாடகை ஓடுவதால் ஒப்பந்ததாரர் அவசரப்படுவது இயல்பு; கூடுதல் நாட்களைக் கால அட்டவணையிலும் விலைப்பட்டியலிலும் கட்டடக் கலைஞரே முன்கூட்டிச் சேர்த்துவிட்டால் அந்த அவசரத்துக்குக் காரணமே இராது.

பொருட்கள் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வந்து, பெரும்பாலும் சாலையோரத்தில் இறங்கி, சிறு வண்டியிலும் தலைச்சுமையிலும் மனைக்குப் போகின்றன. பெரிய கண்ணாடிப் பலகையையோ நீண்ட இரும்பு உத்தரத்தையோ வரையும் முன் ஒப்பந்ததாரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வேலை தொடங்கிய பின் வாரம் ஒரு முறை களத்தில் கூடி, எடுத்த முடிவுகளை ஒரே பதிவேட்டில் எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். திருத்திய வரைபடம் வந்த அன்றே பழைய தாளைக் களத்திலிருந்து அகற்றிவிடுங்கள். உரிமையாளர் கொத்தனாரிடம் நேராகச் சொல்லும் மாற்றங்களும் அந்தப் பதிவேட்டின் வழியாகவே வர வேண்டும். சாவியை ஒப்படைப்பதற்கு முன், எல்லா வடிகால்களிலும் தண்ணீர் ஊற்றி ஓட்டம் பார்த்து, மண்ணுக்குள் புதைந்த குழாய்களின் உண்மையான இடத்தையும் ஆழத்தையும் காட்டும் வரைபடத்தை இருவரும் சேர்ந்து தயாரித்து உரிமையாளரிடம் கொடுக்க வேண்டும்.